ஆறாம் சோடி

நிஸ்மியா என்ன கண்டுபிடித்தாள் என்பது தில்லையடியில் ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை. அதனாலென்ன, பத்திரிகையில் படம் வந்துவிட்டதே! 'புத்தளம் உப்பளத்தில் இரண்டு இனத் தேரைகள்: மாணவியின் கண்டுபிடிப்பு' என்று மூன்றாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பக்கத்தில், நுணுக்குக்காட்டிக்கு முன்னால் அவள் நிற்கிற படம். முக்காடு கொஞ்சம் கோணல்தான். அதைத் தங்கச்சி ஸஹ்றா காலையிலிருந்து நாலு தரம் சொல்லிக் காட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் வந்து இறங்கத் தொடங்கினார்கள். வாப்பா தாஹிருக்குக் கால் தரையில் படவில்லை. இருபத்தாறு வருடமாக உப்பளத்தில் வேலை செய்கிற மனிதர். தான் நடந்து தேய்ந்த வரம்பிலேயே மகள் பேர் எடுத்துவிட்டாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டுத்தான். உம்மா கமறியா குசினிக்கும் முன்னறைக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்.

"தவளையில கண்டுபுடிக்க என்னடி மகள் ஈக்கி?" என்று பெரியும்மா கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

நிஸ்மியா வாசலைப் பார்த்தாள். வந்தவர்களின் செருப்புகள் சோடி சோடியாகக் கிடந்தன. அது போதுமாக இருந்தது.

"அங்க பாருங்க பெரியும்மா. தேரைட ஒடம்புல ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் நிறமூர்த்தம் எண்டு நூல்துண்டு மாதிரி இருபத்திரண்டு ஈக்கி. பதினொரு சோடி. வாசல்ல கெடக்கிற செருப்பு மாதிரி எண்டு வெச்சிக்கொள்ளுங்க. ஒவ்வொரு சோடியிலயும் ஒண்டு உம்மாட்ட இருந்து வந்த, மத்தது வாப்பாட்ட இருந்து வந்த. ஒலகத்துல அனேகமான தேரைக்கு இதே பதினொரு சோடிதான். எத்தனையோ கோடி வருசமாப் பெருசா மாறல்ல."

"மாறாட்டி நீ என்னத்தக் கண்டுபுடிச்ச?"

"ஆறாம் சோடி! நம்மட வீட்டுப் பொறத்தால தாவிற தேரையில அந்தச் சோடிக்கு, செருப்புக்குப் பட்டி மாதிரி ஒரு இடுக்கு நடுவுல ஈக்கி. உப்பளத்துத் தேரையில ஒரு துண்டு ஒடஞ்சி, தலகீழாத் திரும்பி, பொறகு ஒட்டிக்கொண்டீக்கி. பட்டி குதிக்கால் பக்கம் போயிட்டுது. பத்துத் தேரை புடிச்சன். ஏழுல ரெண்டு செருப்புமே திரும்பினது. மூணுல ரெண்டுமே திரும்பாதது. ரெண்டு கூட்டமும் ஒண்டோட ஒண்டு கலியாணம் முடிச்சா, புள்ளைக்கு ஒரு செருப்பு அப்புடியும் ஒரு செருப்பு இப்புடியும் வரணும். அப்புடி ஒண்டுகூட இல்ல. ஒரே வரம்புல ஈந்தும் சேருறல்ல. அப்ப அது ரெண்டு இனமாப் பிரியுது. அதுதான் விசயம்."

"அல்லாஹ்வே, தவளையும் சம்மந்தம் பாத்துத்தான் முடிக்கிதா!" என்று ஸஹ்றா கையைத் தட்டினாள். வீடே சிரித்தது. பெரியும்மா சிரித்துப் புரைக்கேறி, தண்ணீர் கொண்டுவர ஆள் ஓடியது.

உம்மா மட்டும் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றார்.

"எத்தன திரும்பாதது எண்டு சொன்ன?"

"மூணு உம்மா."

"மூணா?" என்றார் உம்மா. பிறகு தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கோப்பைகள் ஒன்றோடொன்று இடிபட்டதை அப்போது யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

அந்த மூன்றில்தான் நிஸ்மியாவின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு தேரைக்காக யாரும் பத்திரிகையில் படம் போடமாட்டார்கள். ஒரே வரம்பில் இரண்டு கூட்டம், இரண்டும் கலக்கவில்லை என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியை அவளுக்குக் கடிதம் எழுதினார். புலமைப்பரிசிலோடு இடம் தருவதாகச் சொன்னார். இன்னும் மூன்று கிழமையில் ஆய்வேட்டுக்கான வாய்மொழிப் பரீட்சை. அது முடிந்தால் விமானம் ஏறவேண்டியதுதான். ஐந்து வருடம் கண் பூத்துப்போகப் படித்த படிப்பு. இதற்கிடையில் வந்த இரண்டு கலியாணப் பேச்சும் அவளுடைய பிடிவாதத்தால் குழம்பின. அதற்காக ஊரார் சொன்ன சொல்லையெல்லாம் உம்மா தனியாக நின்று வாங்கிக் கட்டிக்கொண்டார். மகளிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் சுபஹு தொழுகை முடிந்து நிஸ்மியா முசல்லாவை மடிக்கும்போது உம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"மகள், ஒரு விசயம். ஏசாதே."

"என்ன உம்மா?"

"அந்த மூணும் உப்பளத்துத் தவள இல்ல. நம்மட வீட்டுத் தவள."

நிஸ்மியாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் முசல்லாவைக் கீழே வைத்தாள்.

போன வருடம் மார்கழி மழையில் நடந்த கதை அது. தேரைகளைப் பிடித்து வந்து, பத்துத் தயிர்ச் சட்டிகளில் ஒவ்வொன்றாக விட்டு, துணியால் வாய் கட்டி, நம்பர் ஒட்டிக் குளியலறைப் பக்கம் வைத்திருந்தாள். இரண்டு நாள் கழித்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகவேண்டும். அங்கே மருந்தேற்றி, மயக்கிக் கொன்று, தொடை எலும்பின் மச்சையை எடுத்துக் கண்ணாடித் தட்டில் சொட்டி, சாயமிட்டுப் பார்க்கவேண்டும். கொல்லாமல் இரத்தத்திலிருந்தே பார்க்க வழியிருக்கிறதுதான். அதற்கான வசதி அவளுடைய துறையில் இல்லை.

உம்மாவுக்கு அந்தக் கொல்கிற கதை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. தவளையைக் கொல்லவேண்டாம் என்று நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதைச் சின்ன வயதில் ஓதப்போன இடத்திலேயே கேட்டு வளர்ந்தவர். வாப்பா போய் மௌலவியிடம் கேட்டார். கல்விக்காக, தேவைக்கு மட்டும் என்றால் அது வேறு, வீணாகக் கொல்லக்கூடாது என்று அவர் சொல்லியனுப்பினார். உம்மா சரியென்று தலையாட்டினார். மனசு ஆடவில்லை.

"தண்ணி தெளிக்கச் சொல்லிட்டு நீ படுத்திட்டாய். துணியத் தொறந்து பாத்தா மூணு தவளைக்கு வயிறு இப்புடி. முட்டையோட ஈந்திச்சி மகள். வெளக்க வெச்சா தோலுக்குள்ளால கறுப்பு கறுப்பாத் தெரியிது. புள்ளத்தாச்சியப் போயி எப்புடி... எனக்கு ஏலல்ல. தண்ணி ஓடுற காணுக்குள்ள உட்டுட்டன்."

"உட்டுட்டு?"

"சட்டி வெறுமையா ஈந்தா நீ கத்துவாயே. பொறத்தால தாவித் திரிஞ்ச மெலிஞ்ச ஆம்புளத் தவள மூணப் புடிச்சிப் போட்டன். தவளைக்குத் தவளதானே எண்டு நெனச்சன். அந்த மூணுட உசிருக்கும் நான்தான் பொறுப்பு எண்டு பள்ளிவாசல்ல மூணு நாள் ஏழைகளுக்குப் பாண் வாங்கிக் குடுத்தன். அல்லாஹ்வுக்குத் தெரியும். இன்னும் அவன்ட்ட மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் ஈக்கிறன்."

நிஸ்மியா ஏசினாள். ஏசாதே என்று கேட்டவரை வாயில் வந்தபடி ஏசினாள். ஐந்து வருடத்தைக் காணுக்குள் விட்டீங்களே என்றாள். படிக்காதவர்களோடு ஒரு வீட்டில் இருந்து படிப்பதைவிட ஆலங்குடாவில் கருவாடு காயவைத்துப் பிழைக்கலாம் என்றாள். சத்தம் கேட்டு வாப்பா எழும்பி வந்து வாசலில் நின்றார். ஸஹ்றா அவருக்குப் பின்னால் நின்று முழுசினாள். உம்மா முக்காட்டு நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏசி ஏசி வாய் வலித்த பிறகுதான் நிஸ்மியாவுக்கு வேறு ஒன்று உறைத்தது.

முட்டையோடு மூன்று பெண் என்றால், அன்றைக்குக் குறிப்பில் அவள் என்ன எழுதினாள்?

அலுமாரியைத் திறந்து போன வருடக் கொப்பியை எடுத்தாள். ஈரத்தில் மை கரையும் என்று பென்சிலால் எழுதின குறிப்பு. ஒன்று முதல் பத்து வரை. நிறை, நீளம், ஆணா பெண்ணா. இரண்டு, ஐந்து, ஒன்பது மூன்றிலும் 'ஆண்' என்றிருந்தது. கொப்பியை யன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். அழிரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்திருந்தது. கீழே 'பெண்' என்ற எழுத்தின் அழுத்தம் இன்னும் பள்ளமாகக் கிடந்தது.

அவளுடைய கையெழுத்துத்தான். நினைவும் வந்துவிட்டது, சனியன். ஆய்வுகூடத்தில் பத்தையும் திறந்து பார்த்தபோது ஒன்றிலும் முட்டை இல்லை, பத்தும் ஆண். குறிப்பிலோ மூன்று பெண். அரை மணித்தியாலம் யோசித்தாள். மழை, இருட்டு, அவசரம், நான்தான் பிழையாக எழுதியிருப்பேன் என்று முடிவு கட்டினாள். அழித்தாள். மாற்றி எழுதினாள். பேராசிரியரிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குள் ஆறாம் சோடி நுணுக்குக்காட்டியின் கீழ் வந்து நின்று அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டது.

உம்மா செய்தது ஈரமனசு. அவள் செய்ததற்கு என்ன பெயர்? நிறையும் நீளமும்கூட அந்த மூன்றுக்கும் பொருந்தியிருக்காது. அதைத் திரும்ப அளந்து பார்க்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை, அதுதான் உண்மை. வெட்கத்தில் காது மடல் கொதித்தது. குசினிக்குப் போனாள். உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவலில் பாதி நிலத்தில் கிடந்தது.

"நான் ஏசினத மன்னிச்சிக்கொள்ளுங்க உம்மா."

"நீ ஏசு மகள். ஏசினாத்தான் எனக்கு நல்லம்."

திங்கட்கிழமை விடியப் புறப்பட்டுச் சிலாபத்தில் பஸ் மாறி, பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தாள். வழி முழுக்க ஒரே வேண்டுதல்: பேராசிரியர் சேர் லீவில் இருக்கவேண்டும். இருக்கவில்லை.

பேராசிரியர் அருள்குமரன் முன்னேஸ்வரத்துக்காரர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்குமேல் சத்தம் வராது. உம்மா தேரை மாற்றின கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் துடைத்தார். கடைசியில், அந்த மனிதருக்கும் ஒரு மாதிரிச் சிரிப்பு வந்தது.

"அம்மா பாவம். சரி, நடந்தது நடந்துபோச்சு. அந்த மூன்றையும் எடுத்துப்போட்டு மிச்ச ஏழை வச்சு எழுதுவம். ரெண்டு இனம் எண்ட கதை போயிடும்தான். ஆனா உப்பளத்துத் தேரையில ஆறாம் சோடி திரும்பியிருக்கு எண்டது நிக்கும். சின்ன விசயம், ஆனா உண்மை. ஜெர்மனிக்கும் அப்பிடியே எழுதுவம், அவங்களுக்கு அதுவும் போதுமா இருக்கும் எண்டு நினைக்கிறன். என்ன சொல்லுறீர்?"

எழுந்து, ஓம் சேர் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். கதவு பின்னால் திறந்துதான் கிடந்தது. கொப்பி பைக்குள் இருந்தது, யாரும் கேட்கவில்லை. சேர் தானாகவே வழி காட்டிவிட்டார், இனி வாயைத் திறந்து கெட்டுப்போகிறவள் மடைச்சி. நிஸ்மியா இரண்டு தரம் பையைத் திறந்து மூடினாள். மூன்றாம் தரம் கொப்பியை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள்.

"இதையும் பாருங்க சேர். ரெண்டு, அஞ்சு, ஒன்பது."

அவர் தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்தார். விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினார். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை.

"இது அம்மா செய்ததில்ல."

"இல்ல சேர். நான்தான்."

"நீர் இதைக் காட்டாமலே போயிருக்கலாம்."

"ஓம் சேர்."

"மூன்று நம்பரை அழிச்ச ஆள் மிச்ச ஏழையும் அழிக்கேல்ல எண்டு நான் எப்பிடி நம்புறது? நான் நம்புவன். மற்றவங்க?" அவர் கொப்பியை மூடினார். "இது வேற கதை நிஸ்மியா."

அவர் கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கத்தவில்லை. வாய்மொழிப் பரீட்சையைத் தள்ளி வைத்தார். பத்திரிகைக்குத் திருத்தம் எழுதச் சொன்னார். ஜெர்மனிக்கு அவரே எழுதினார், ஒன்றையும் மறைக்காமல். பதில் நாலே நாளில் வந்தது. நேர்மைக்கு நன்றி என்று தொடங்கி, இம்முறை இடத்தை வேறொருவருக்குக் கொடுப்பதாக முடிந்தது. அதை வாசித்துவிட்டு அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே ஸஹ்றா, பகிடி ஒன்றும் இல்லாமல், கதவைத் தட்டாமல் நின்றுகொண்டிருந்தாள்.

மிச்சம் இருந்தது பட்டம் மட்டும். அதற்கும் சேர் ஒரேயொரு வழிதான் விட்டிருந்தார். மழைக்காலம் முடிவதற்குள் அதே வரம்பில் புதிதாகப் பத்துத் தேரை. கண்ணில் படுகிற முதல் பத்து. இது வேண்டும், அது வேண்டாம் என்று தெரிவு செய்யக்கூடாது. பிடித்த இடத்திலேயே பேனையால் எழுதவேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேரே ஆய்வுகூடம்.

மழை விட்டிருந்த ஒரு நாள் அசர் தொழுதுவிட்டு நிஸ்மியாவும் வாப்பாவும் புறப்பட்டார்கள். உம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவரே அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து முச்சக்கரவண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க எதுக்கு உம்மா?"

"டோர்ச் புடிக்க ஆள் வாணாமா?" என்றார் உம்மா. அதற்குமேல் கதையில்லை.

உப்பளத்தில் பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தது. வாப்பா முன்னால் நடந்து வழுக்குகிற இடங்களைக் காட்டினார். மஃரிபை வரம்பிலேயே தொழுதார்கள். வெளிச்சம் மங்கியதும் காவல் கொட்டிலுக்குப் பக்கத்து நல்லதண்ணிக் குட்டையிலிருந்து தேரைகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. முதலாவது, ஆண். இரண்டாவது, ஆண். கூப்பிடுகிறதெல்லாம் ஆண்தான், கையில் எடுத்தால் கீச்கீச்சென்று கத்தும். ஒன்பதும் அப்படியே வந்தன. ஒவ்வொன்றாகச் சட்டியில் விட்டு, துணி கட்டி, அவள் பேனையால் எழுதினாள். உம்மா டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ ஓதியபடி வந்தார். மகளுக்குக் கேட்கக்கூடாதென்று வாயை முக்காட்டால் மூடியிருந்தார்.

பத்தாவது, உம்மா பிடித்த வெளிச்சத்துக்குள் தானாக வந்து உட்கார்ந்தது.

பெரிது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி மண்ணில் பட்டது. நகர ஏலாமல் கிடந்தது. தோலின் கீழே முட்டைகள் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தன. குட்டைக்குள் ஆண்கள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. இன்னும் பத்து நிமிடம் விட்டால் தண்ணீருக்குள் இறங்கிவிடும். விடியும்போது மாலை மாலையாக முட்டை கிடக்கும்.

நிஸ்மியா குனிந்தவள் குனிந்தபடி நின்றாள். நாலடி தள்ளி ஒரு மெலிந்த ஆண் தாவியது. அதைப் பிடித்தால் பத்து. யார் பார்த்தது? சேர் இங்கேயா நிற்கிறார்? வாப்பா அந்தப் பக்கம் திரும்பி நின்றார், வேண்டுமென்றுதான். உம்மா பக்கத்தில் நிற்கிறார். அவர் கண் முன்னால் இதை எடுத்துச் சட்டியில் போட எந்த மகளுக்குக் கை வரும்?

"உம்மா," என்றாள். "இத உட்டுட்டு மத்ததப் புடிப்பமா?"

கேட்டபோது அவளுக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு 'ஓம்' மட்டும்தான். உம்மா சொன்னால் போதும், பழி பாதியாகிவிடும்.

உம்மா டோர்ச்சை மகளின் கையில் கொடுத்தார். அபாயாவைச் சுருட்டிக்கொண்டு குந்தினார். இரண்டு கையையும் சேர்த்து அந்தத் தேரையை மண்ணோடு அள்ளினார். வயிறு நசியாமல், மெல்ல. அது கத்தவில்லை, உதறவுமில்லை. உள்ளங்கைச் சூட்டில் பேசாமல் இருந்தது. உம்மா பிஸ்மி சொல்லிச் சட்டிக்குள் வைத்தார். துணியைப் போட்டுக் கட்டினார். முடிச்சு முதல் தரம் நழுவிப்போனது. இரண்டாம் தரம் இறுக்கினார். பிறகு கையைக் கழுவவில்லை, எழும்பவுமில்லை. சட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"எழுது மகள்," என்றார்.

நிஸ்மியா எழுதினாள். கொப்பியில் ஈரம் விழுந்தது. மழை விட்டு நெடுநேரமாகியிருந்தது.

"பொம்புள எண்டு எழுதினியா?"

"எழுதினன் உம்மா."

"வயித்துல முட்ட எண்டும் எழுது," என்றார் உம்மா.